பரிசிலும் பஞ்சப்படியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பத்தாண்டுகளாக மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையை இந்த இராயபுரத்து மாடியறைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் அன்பர்களே,

விழாக்குழுவினர் எனக்களித்த தலைப்பு ‘சங்கப் பாடல்களில் பரிசில்’ என்பது. என் முனைவர் பட்ட ஆய்வு புறத்திணையை ஒட்டியது என்பதால் இத்தலைப்பை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நன்றி. குறிப்புத்தாள் இல்லாமலே ஒரு மணிநேரம் பேசக்கூடிய தலைப்பு இது. அதுவே எனக்குச் சற்று அச்சத்தைத் தந்தது. எனவே பரிசிலில் தொடங்கி, வேறோர் இடத்திற்குச் செல்ல அவையின் இசைவை வேண்டுகிறேன். நான் செல்லவிருக்கும் இடம் சோழிங்கநல்லூர். இங்கிருந்து இரண்டு மணிநேரப் பயணம்.

புறநானூற்றில் பரிசில் பாடிய புலவர் பலர். அவர்களுள் பெருஞ்சித்திரனாரை நான் தனியே வைத்து எண்ணுவதுண்டு. காரணம், அவர் பரிசிலை மன்னனின் அரண்மனை வாயிலோடு நிறுத்திவிடவில்லை; வீடு வரைக்கும் கொண்டுவந்து காட்டினார். குமணனிடம் பெற்ற பொருளை மனைவியின் கையில் கொடுத்து, யார் யாருக்கு அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லும் பாடலை இங்குள்ள பலரும் மேடையில் எடுத்தாண்டிருக்கிறீர்கள். வள்ளன்மைக்குச் சான்றாகவே நாம் அதைக் காட்டிவருகிறோம். ஆனால் அந்தப் பட்டியலை ஊன்றிப் படித்தால், வீட்டில் பசி இருந்த நாளில் கடனாகக் கொடுத்து உதவியவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆக, அது ஒரு வரவுசெலவுக் கணக்கும் ஆகும். பரிசில் வருமுன்னரே அதற்குச் செலவு எழுதப்பட்டாயிற்று. இந்தக் கணக்கை நான் பிறகு மீண்டும் நினைவூட்டுவேன்.

பொருள்வரவைக் குறிக்க நம்மிடம் உள்ள சொற்கள் சில. கூலி என்றால் நமக்குத் தாழ்வு. ஊதியம் என்றால் மேன்மை. ஊதியம் என்பதை வள்ளுவர் ஆண்ட இடங்களில் அதன் பொருள் ஆக்கம், இலாபம் என்பதேயன்றி மாதச் சம்பளம் அன்று. சம்பளம் என்ற சொல்லுக்குப் பாவாணர், சம்பு என்னும் நெல்லும் அளம் என்னும் உப்பும் சேர்ந்தது என வேர் காட்டினார். எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கத்து உப்பளங்களை அறிந்த நமக்கு அந்த விளக்கம் உவப்பானது. வடமொழியிலோ சம்பலம் என்பது வழிநடைக்குக் கட்டிக்கொள்ளும் சோறு. எது சரி என்ற சொல்லாராய்ச்சிச் சண்டையை இன்று நான் எழுப்பப் போவதில்லை. வேலைக்குப் போய்வரும் வழியிலேயே நாளில் நான்கு மணிநேரத்தைத் தொலைக்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசவிருப்பதால், இரண்டாவது பொருளும் எனக்கு வேண்டியிருக்கிறது.

இன்னொரு சொல் உண்டு. அகராதிகளைவிட எங்கள் வீட்டில் அது மிகுதியாகப் புழங்கியது. அது பஞ்சப்படி.

என் தந்தையார் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பொருத்துநராக இருந்தவர். மாதத்தின் ஏழாம் நாள் மாலை ஒரு மஞ்சள் நிறச் சீட்டைக் கொண்டுவந்து, என் அம்மாவிடம் கொடுப்பதற்கு முன் என்னிடம் கொடுத்து, “பாப்பா, படி” என்பார். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப் படி, பிடித்தம் என்று நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். நான் சேர்ந்தாற்போல் வாசித்த முதல் தமிழ் உரைநடை அதுதான் என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. அடிப்படைச் சம்பளத்தைவிடப் பஞ்சப்படி பெரிய தொகையாக இருக்கும். நாட்டில் பஞ்சம் இல்லாதபோதும் ஏன் பஞ்சப்படி என்று ஒருநாள் கேட்டேன். “அரிசி விலை ஏறுனா அதுவும் தானா ஏறும் பாப்பா, யாரையும் போய்க் கேக்க வேணாம்” என்றார். யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை என்பதில் அவருக்கு எவ்வளவு பெருமிதம் இருந்தது என்பதை அன்று நான் அறியவில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது விலைவாசி தாறுமாறாக ஏறியதால் ஆலைத் தொழிலாளர்க்கு வழங்கப்பட்ட படி அது. பின்னர் விலைவாசிக் குறியீட்டெண்ணோடு அது பிணைக்கப்பட்டது. குறியீட்டெண் ஏறினால் படி ஏறும். இது எந்த முதலாளியின் பரிவாலும் வந்ததன்று. நம் வடசென்னை அதற்குக் கொடுத்த விலையை இந்த அவைக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1918 ஏப்ரல் 27ஆம் நாள், பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. முயன்று அடிகோலியவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும், தலைவர் பி.பி. வாடியா. நண்பகல் உணவு இடைவேளையைச் சற்று நீட்டித்தர வேண்டும் என்பது அவர்களின் முதற் கோரிக்கைகளுள் ஒன்று! ஆலை நிர்வாகம் உயர்நீதிமன்றம் சென்று வாடியா முதலியோருக்கு எதிராகத் தடையாணை பெற்றது. சங்கம் வைத்ததற்காக ஒருவரை வழக்கில் நிறுத்தலாமா என்று அதனால் எழுந்த கேள்வியின் தொடர்ச்சியாகவே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1921இல் நடந்த பெரும் வேலைநிறுத்தமும் அதில் சாதியின் பெயரால் தொழிலாளர் பிளவுண்டதும் தனியே பேசவேண்டிய துயரம். அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது.

தமிழ் படித்தவள் என்ற உரிமையில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அச்சங்கத்தின் துணைத்தலைவராயிருந்த திரு.வி.க., அதற்குச் சற்று முன்வரை இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர். 1917இல் ஆசிரியப்பணியை விட்டுத் ‘தேசபக்தன்’ இதழுக்கு வந்தார். மறு ஆண்டே ஆலைத் தொழிலாளர் நடுவே நின்றார். கூலியைப் பற்றித் தமிழில் மேடையில் பேச முடியும் என்று காட்டியவர்களுள் ஒருவர் நம் துறையைச் சேர்ந்தவர் என்பதை மறந்துவிட்டு, நாம் அவரை உரைநடைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் பாடத்தில் வைத்திருக்கிறோம்.

இனி என் தலைமுறைக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபோது நான் இளங்கலைத் தமிழ் முடிக்கும் நிலையில் இருந்தேன். எங்கள் தெருவில் கணிப்பொறிப் பயன்பாட்டில் முதுகலை படித்த ஒருவர் அங்கு வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய முதல் மாதச் சம்பளம், இருபத்தைந்து ஆண்டுகள் இயந்திரத்தோடு நின்ற என் தந்தையாரின் சம்பளத்தைவிடக் கூடுதல். தந்தையார் அதைக் கேட்டு வியந்தார், வருந்தவில்லை. வருந்தியவள் நான். முதுகலை முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் நான் கையெழுத்திட்டு வாங்கிய முதல் சம்பளம் நாலாயிரம் ரூபாய். விடுமுறை மாதங்களில் அதுவும் இல்லை. 2007இல் இராம் இயக்கிய ‘கற்றது தமிழ்’ வெளிவந்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. தமிழ் படித்தவன் ஒருபுறம், கணிப்பொறி முன் அமர்ந்து அவனைவிடப் பன்மடங்கு பெறுபவன் மறுபுறம் என்று அப்படம் நிறுத்திய எதிர்நிலை, எங்கள் காயத்தில் யாரோ விரல் வைத்ததைப் போலிருந்தது. நானும் கைதட்டியவள்தான்.

அந்தக் கைதட்டல் பிழையென்று இன்று சொல்லவரவில்லை. அக்காலத்தில் வேளச்சேரியிலும் திருவான்மியூரிலும் வாடகை ஏறியதற்கு மென்பொருள்காரர்களையே அனைவரும் காரணம் காட்டினார்கள். அதில் உண்மையும் இருந்தது. குடிவருபவர் அத்துறையினர் என்று தெரிந்தால் வாடகையையும் பத்துமாத அட்வான்சையும் கூட்டிச் சொன்ன வீட்டுக்காரர்களை நானே அறிவேன். வேறு உடன்பாடு இல்லாத இடத்தில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னது. ‘வேறு உடன்பாடு’ என்ற இரண்டு சொற்களுக்குள் சென்னை முழுவதும் குடியேறிவிட்டது, அது இருக்கட்டும். ஆனால் அந்தக் கைதட்டலோடு நம் கண் அங்கேயே நிலைத்துவிட்டது என்பதே என் குறை. 2000த்தில் பார்த்த மென்பொருள் பொறியாளரையே நாம் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று அப்பெயரால் வழங்கப்படுவோர் ஒரே வகையினர் அல்லர். ஆண்டுக்கு முப்பது இலட்சமும் அதற்கு மேலும் பெறுவோர் இருக்கிறார்கள். அதை மறுப்பது பொய்யாகும். அவர்கள் சிலர். பெரிய நிறுவனங்கள் பொறியியற் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கில் தேர்ந்தெடுக்கும் புதியவர்களுக்கு ஆண்டுக்கு மூன்று இலட்சத்திற்கும் நான்கு இலட்சத்திற்கும் இடைப்பட்ட தொகையே பெரும்பாலும் வழங்கப்பட்டுவருகிறது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த எல்லை பெரிதாக நகரவில்லை. அதே காலத்தில் நாட்டின் விலைவாசி இரு மடங்கிற்கும் மேல் உயர்ந்தது. 2025 ஏப்ரலில் சென்னையில் வீட்டு எரிவாயு உருளையின் விலை 868 ரூபாய் 50 காசு. இவர்களின் உழைப்பை நிறுவனங்கள் வெளிநாட்டில் டாலருக்கு விற்கின்றன. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 45 ரூபாயாக இருந்த டாலர், 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. டாலரும் ஏறியது, அரிசியும் ஏறியது. புதியவரின் சம்பளத்தில் மட்டும் பஞ்சப்படி என்ற வரி கிடையாது. அதற்குப் பதிலாக ஆண்டுக்கொருமுறை தரவரிசை உண்டு. மணியின் வடிவில் ஒரு கோடு வரைந்து, அதன் ஒரு விளிம்பில் சிலரை மேலோர் என்றும் மறு விளிம்பில் சிலரைக் கடையோர் என்றும் வைத்தாக வேண்டுமாம். அனைவரும் நன்றாக உழைத்திருந்தாலும் யாரேனும் சிலர் கடையராக வேண்டும். என் தந்தையாரிடம் இதைச் சொன்னபோது, “அரிசி விலைக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்டார்.

கடல் கடந்த வாடிக்கையாளருக்காக இந்தக் கரையில் உழைப்பது நமக்குப் புதிதன்று. நான் குடியிருக்கும் காலடிப்பேட்டையின் பெயர், 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த காலட் என்பாரின் பெயர். கும்பினியின் ஏற்றுமதித் துணிக்காக நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. அந்தத் துணியை வெளுப்பதற்கென அமைந்தது வண்ணாரப்பேட்டை. முன்பணம் கொடுத்து வேலை வாங்குவதும், இலண்டனில் விருப்பம் மாறினால் இங்கே தறி நிற்பதும் அன்றைய வழக்கம். இன்று அதே காலடிப்பேட்டையில் ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை தடம் நீண்டபோது வந்தது. அதிகாலையில் அங்கே முதுகுப்பையோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குத் தறிகளின் நினைவு வரும்.

இப்பொழுது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவர் நம் வட்டத்தின் உறுப்பினர். பெயரைச் சொல்லப் போவதில்லை. மற்றவற்றைச் சொல்ல அவர் எனக்கு இசைவளித்திருக்கிறார். தம் சம்பளச் சீட்டுகளையும் என்னிடம் கொடுத்தார். என் தந்தையார் கொடுத்த மஞ்சள் சீட்டுக்குப் பின் நான் ஊன்றிப் படித்த சீட்டுகள் அவை.

தந்தை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் பெட்டிகளில் ஏற்றுபவர். வீடு தண்டையார்பேட்டையில், வாடகைக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். பொதுக் கலந்தாய்வில் ஒரு தனியார் பொறியியற் கல்லூரியில் இடம். முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதால் கட்டணச் சலுகை கிடைத்தது. எஞ்சியதற்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் கல்விக்கடன். வேலைக்குச் சேர்ந்தபோது ஆண்டுச் சம்பளம் மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் என்று சொன்னார்கள். தெருவில் அது பன்னிரண்டால் வகுக்கப்பட்டு மாதம் இருபத்தெட்டாயிரம் ஆயிற்று. உறவினர் வாயில் முப்பதாயிரம், திருமணத் தரகரின் வாயில் ஐம்பதாயிரம்! கைக்கு வந்தது 23,400.

இந்த வேறுபாட்டின் மூலம் சி.டி.சி. என்ற மூன்றெழுத்து. நிறுவனத்துக்கு ஆகும் செலவு என்பது அதன் பொருள். வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் செலுத்தும் பங்கு, பணிக்கொடைக்கு ஒதுக்குவது, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதனுள் அடக்கம். அதாவது, ஒரு பெண் எவ்வளவு பெறுகிறாள் என்று ஊர் கேட்கிறது. அவளால் எவ்வளவு செலவாகிறது என்று விடை வருகிறது.

அந்த 23,400இன் கணக்கை அவர் ஒரு கவிதைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். வாடகை 8,500. கல்விக்கடன் தவணை 5,200. சீட்டு 3,000. பயணம் 2,800. தம்பியின் பாலிடெக்னிக் செலவுக்கு 2,000. பாட்டியின் மருந்துக்கு 900. எஞ்சுவது ஆயிரம். அரிசியும் பருப்பும் தந்தையின் நாட்கூலியில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, ஐசுக்கு வேலை இல்லை. அந்த இரு மாதங்களில் அந்த ஆயிரமும் அரிசியாகும், போதாததற்குக் கைமாற்று. பெருஞ்சித்திரனார் வீட்டுப் பட்டியலை நினைவூட்டுவேன் என்றேனே, அது இதுதான். சம்பளம் வருமுன்னரே அதற்குச் செலவு எழுதப்பட்டாயிற்று.

காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டைவிட்டுப் புறப்பாடு. மெட்ரோவில் கிண்டி; அங்கிருந்து பேருந்தில் சோழிங்கநல்லூர். பழைய மகாபலிபுரச் சாலையின் மெட்ரோப் பணியால் வண்டிகள் ஊரும். நிறுவனத்தின் அருகிலேயே விடுதியில் தங்கலாமே என்று நானும் கேட்டேன். விடுதிக்கு ஒன்பதாயிரம், வீட்டு வாடகை எட்டாயிரத்து ஐந்நூறு என்று இரண்டையும் சேர்த்து அவர் என் முன் எழுதிக் காட்டினார். அதன்பின் நான் கேட்கவில்லை. என் தந்தையாரின் ஆலையில் தொழிற்சாலைச் சட்டப்படி உணவகம் இருந்தது. சாப்பாட்டின் விலையில் பாதிக்கு மேல் நிர்வாகம் ஏற்றது. நேரம் மிஞ்சிய வேலைக்கு இருமடங்குக் கூலி இருந்தது. இவருக்கு உணவகத்தில் கடைவிலை. நேரம் மிஞ்சிய வேலைக்கு மேலாளரின் பாராட்டு மடல். 1948ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் உட்படப் பழைய தொழிலாளர் சட்டங்கள் பல, 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புகளுக்கு இடம்விட்டு விலகிவிட்டன. புதியவை இப்பிள்ளைகளுக்கு என்ன செய்யும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

ஆயினும் தெருவில் அவர் ‘இஞ்சினியர் வீட்டுப் பொண்ணு’ அல்லர், ‘இஞ்சினியரே’ அவர்தாம். அந்தப் பெயருக்கு ஒரு விலை உண்டு. கோயில் திருவிழா நன்கொடையில் அவர் வீட்டுக்கு எழுதப்படும் தொகை மூன்று மடங்கு. உறவில் திருமணமென்றால் மொய் ஆயிரத்திற்குக் குறையக்கூடாது. மறுபக்கம், கடன் அட்டைக்கு விண்ணப்பித்தபோது வீட்டின் அஞ்சல் குறியீட்டைப் பார்த்ததும் ஒரு வங்கி அவரைத் திருப்பி அனுப்பியது. ஊருக்குள் அவர் மென்பொருள் பொறியாளர். ஊருக்கு வெளியே அவர் வடசென்னைக்காரர். இரண்டு பெயரின் செலவும் ஒரே சீட்டிலிருந்து போகிறது.

இதைக் கலைகள் பார்க்கவேயில்லை என்று சொல்லமாட்டேன். 2014இல் பா. இரஞ்சித் இயக்கிய ‘மெட்ராஸ்’ படத்தின் நாயகன் காளி, வியாசர்பாடி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வாழும் தகவல் தொழில்நுட்ப ஊழியன். அவன் வேலையைக் காட்டிலும் குடியிருப்பின் சுவரே படத்தின் மையம் எனினும், இங்கிருந்து அங்கே போகிற ஒருவன் உண்டு என்று திரையில் கண்டதே எனக்கு வியப்பாயிருந்தது. உரைநடையில் இரா. முருகனின் ‘மூன்று விரல்’, விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ ஆகிய நாவல்கள் இத்துறையின் உள்ளே சென்று எழுதப்பட்டவை. கவிதை என்ன செய்தது? பிற இடங்களை விடுங்கள். நம் வட்டம் வெளியிட்ட ஒன்பது மலர்களையும் இவ்வுரைக்காகப் புரட்டினேன். மென்பொருள் பொறியாளர் வருகிற கவிதைகள் பதினொன்று. அவற்றுள் ஒன்பதில் அவர் தாய்தந்தையரை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு அமெரிக்காவில் இருக்கிறார். ஒன்றில் பீட்சா தின்கிறார். எஞ்சிய ஒன்றில் அவருக்குத் தமிழ் மறந்துவிட்டது. இவற்றில் இரண்டிற்கு அணிந்துரை எழுதிப் பாராட்டியவள் நான். என் கையெழுத்து அங்கே இருக்கிறது. இந்த மாடியறையிலிருந்து ஒரு கல் தொலைவில், பாட்டியின் மருந்துக்குச் சம்பளத்தில் ஒரு வரி ஒதுக்குகிற பெண் இருக்க, நாம் யாரைப் பார்த்து இவற்றை எழுதினோம்?

அவரும் நம்மிடையே கவிதை வாசித்தவர்தாம். எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் பரவியபோது அவர் வாசித்த கவிதையை நீங்கள் எழுந்து நின்று பாராட்டினீர்கள். தம் அலுவலகத்தைப் பற்றி மட்டும் அவர் எழுதுவதில்லை. ஏன் என்று கேட்டபோது, “எழுதினா நீங்க நம்பமாட்டீங்க மேடம். அழகா இருக்குற கட்டடத்துல என்ன கஷ்டம்னு கேப்பாங்க” என்றார்.

சென்ற ஆண்டு நடுவில் ஒருநாள் அவரைக் கூட்ட அறைக்கு அழைத்தார்கள். மேலாளர் அங்கு இல்லை; வேற்றூரிலிருந்து திரையில் இருவர் பேசினார்கள். தாமாக விலகுவதாக எழுதிக்கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம். எழுதாவிட்டால் நீக்கம், சான்றிதழிலும் அது தெரியும் என்றார்கள். பத்து நிமிடம். அவர் எழுதிக்கொடுத்தார். அந்தத் திரையில் பேசியவர்கள் அவருடைய வேலையை ஒருநாளும் பார்த்தவர்கள் அல்லர். அதியமான் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தவர் பெருஞ்சித்திரனார். காணாமல் கொடுத்தாலே வேண்டாம் என்று சொல்லும் மானம் நம் மரபில் இருந்தது. காணாமலே பறித்தால் என்ன சொல்வது என்பதற்கு என் ஆய்வேட்டில் துறை எதுவும் இல்லை.

சொல்ல வழி இல்லாமலும் இல்லை. 2015 ஜனவரியில், டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தில் பணிநீக்க ஆணை பெற்ற ஒரு பெண், கருவுற்றிருந்த நிலையில் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகி அதற்கு இடைக்காலத் தடை பெற்றார். 2016இல், ஒரு தொழிற்சங்கம் நடத்திய வழக்கின் தொடர்பாக, தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் அமைக்கத் தடையேதும் இல்லை எனத் தமிழ்நாட்டரசு தெளிவுபடுத்தியது. 1918க்கும் 2016க்கும் இடையே தொண்ணூற்றெட்டு ஆண்டுகள். 2025 ஜூலையில் அதே டாடா நிறுவனம் தன் பணியாளருள் ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டினரை, 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. நம் உறுப்பினர் பணியாற்றியது வேறொரு நிறுவனம். சங்கத்தில் சேர்ந்தீர்களா என்று அவரைக் கேட்டேன். “நாங்கதான் இஞ்சினியராச்சே மேடம்” என்று சிரித்தார். அந்தப் பெயரின் செலவில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆலைத் தொழிலாளிக்குத் தான் தொழிலாளி என்பதில் ஐயம் இல்லை. ஐயமின்மையே அவனுக்குச் சங்கத்தைத் தந்தது. இவருக்குப் பட்டத்தைக் கொடுத்து, அந்தத் தெளிவை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது, அன்பர்களே, நம் கணக்கிற்கு வருகிறேன்.

இந்தப் பத்தாம் ஆண்டு மலருக்கு நன்கொடைப் பட்டியல் தயாரித்த மூவருள் நானும் ஒருத்தி. ஆசிரியர்க்கு ஆயிரம், ஓய்வுபெற்றோர்க்கு ஐந்நூறு என்று எழுதிக்கொண்டு வந்தோம். அவர் பெயர் வந்தபோது, “சாஃப்ட்வேர்தானே, ஐயாயிரம் போடுங்கள்” என்று சொன்னவள் நான். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் வேலையிழந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, நமக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பட்டியலைக் கண்டதும் அவர் மறுக்கவில்லை. சீட்டைத் தள்ளி எடுத்து, ஐயாயிரத்தையும் உறையில் வைத்துக் கொடுத்தார். பற்றுச்சீட்டும் வாங்கிக்கொண்டார். அந்தச் சீட்டைத் தள்ளி எடுத்ததில் அவருக்கு எவ்வளவு கழிந்தது என்பதை அவர் அம்மா வழியாகவே, மிகப் பிந்தி அறிந்தேன்.

பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றபோது அவர் ஏற்கவில்லை. “கொடுத்தது கொடுத்ததுதான் மேடம். ஆனா அந்தப் பக்கத்துல என் பேருக்குப் பக்கத்துல ‘மென்பொருள் பொறியாளர்’னு போடாதீங்க” என்றார். வேறு என்ன போடலாம் என்று கேட்டேன். சற்று எண்ணிப் பார்த்து, “உறுப்பினர்னு போடுங்க, போதும்” என்றார்.

மலரின் நன்கொடையாளர் பக்கம் அச்சகத்தில் இருக்கிறது. மெய்ப்பு நாளை காலை வருகிறது என்று செயலாளர் ஐயா சொன்னார். அந்தத் திருத்தத்தை நானே நேரில் போய்ச் செய்துவருகிறேன். ஐயாயிரத்தில் நாலாயிரத்தை அவருக்குத் தெரியாமல் எப்படித் திருப்புவது என்பதைப் பொருளாளரும் நானும் இன்றிரவு பேசித் தீர்க்க வேண்டும். அவர் கவிதை இன்றைய கவியரங்கில் நான்காவதாக இருப்பதால் இப்போது நான் அமர்கிறேன்.